விரல் வைக்கச் சொன்ன தாள்

என் மகளின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம். இந்த ஒரு வரியை மூன்று முறை அடித்து எழுதினேன். பக்கத்து வீட்டு அக்காவின் கையெழுத்து இல்லையே என்று திகைக்க வேண்டாம், இது நானே எழுதுவது.

மகளுக்காக நீங்கள் போனில் ஏற்றிக்கொடுத்த எழுத்துச் செயலியை அவள் எப்போதோ முடித்துவிட்டாள். பிறகு அதில் நான் படிக்க உட்கார்ந்தேன். சலவைக்கூடத்துச் சோப்புநீர் தின்ற என் விரலைத் திரை ஏற்கவில்லை. "என் விரலைப் பிடிச்சு எழுதும்மா" என்றாள். ஒவ்வோர் எழுத்தும் சரியானால் போன் கைதட்டும், அவளும் தட்டுவாள்.

போன வாரம் உங்கள் தாள் வந்தது. "அவ பள்ளிக்கூட விஷயம்தான், கைநாட்டு வச்சு அனுப்பு" என்று போனில் சொன்னீர்கள். அவள் விளையாடப் போனதும் எழுத்துக்கூட்டி வாசித்தேன். 'இருவரும் மனமொத்துப் பிரிய' என்ற இடத்தைத் தாண்ட அரைமணி நேரமானது. சரியாகத்தான் வாசித்தேன். யாரும் கைதட்டவில்லை.

நான் விரல் வைக்கவில்லை. கேட்பதை நேரில் வந்து கேளுங்கள். அதுவரை அந்தத் தாள் உங்கள் பழைய சட்டைகளுக்கு அடியில் இருக்கும். சீக்கிரம் வாருங்கள், அவள் என்னைவிட வேகமாக வாசிக்கிறாள்.

இன்றுவரை
உங்கள் மனைவி