வாசலில் காய்ந்த விளக்குமாறு

மோசல் ஆற்றங்கரை,
அக்டோபர் 14, வியாழன்.

அன்புள்ள ஃபோல்க்மாருக்கு,

இங்கு நான் நலம். நீங்களும் நலம்தான் என்று தெரியும். செவ்வாய்க்கிழமை உல்லாசக் கப்பலை நம் வீட்டு வழியாக ஓட்டிப் போகும்போது மூன்று முறை ஊதினீர்களே, ஊருக்கே கேட்டது. கட்டிய பெண்டாட்டிக்கு வாரம் மூன்று ஊதல், அவ்வளவுதான் நம் குடித்தனம்.

ஊதியதோடு விட்டிருக்கலாம். ஒலிபெருக்கியில், "அதோ, கோட்டைக்கு நேர் கீழ, விளக்குமாறு தொங்குதே, அதுதான் நம்ம வீடு! விளக்குமாறு தொங்கினா ஒயின் கடை தொறந்திருக்குன்னு அர்த்தம். போங்க, எம் பொண்டாட்டி சிரிச்ச முகமா ஊத்திக் கொடுப்பா" என்றீர்களாம். அடுத்த துறையில் கப்பலைக் கட்டியதும் முப்பத்தொரு பேர் நடந்தே வந்துவிட்டார்கள். திராட்சை அறுப்பு நேரத்தில் யார் வீட்டில் கடை திறந்திருக்கும்?

என் மேலும் தப்பு உண்டு. காலையில் நிலவறையைக் கழுவிவிட்டு, ஈர விளக்குமாற்றைக் கை போன போக்கில் கடை ஆணியிலேயே மாட்டிவிட்டேன். இந்த ஊரில் பிறந்தவள் செய்கிற காரியமா! பக்கத்து வீட்டு ரோஸ்விதா, "ஏன்டி, அறுப்ப விட்டுட்டுக் கடைய விரிச்சிட்டியா?" என்று சிரித்தாள். ஆனால் கடை விளக்குமாற்றில் சிவப்பு ரிப்பன் இருக்கும். விளக்குமாற்றுக்குப் பட்டுக்குஞ்சமா என்று நான் கேலி செய்யச் செய்ய, இருபது வருடமாக அதைக் கட்டியது நீங்கள்தான். ரிப்பன் இல்லாதது உங்கள் கண்ணில் படவில்லை. எரிச்சல் அதில்தான்.

வந்தவர்களுக்கு ஒயின் ஊற்றவில்லை. ஆளுக்கொரு கத்தரிக்கோலைக் கொடுத்து நம் திராட்சைத் தோட்டத்தின் கீழ்ச் சரிவில் ஏற்றிவிட்டேன். ஒரு பல் டாக்டர் பாதி இலையும் பாதிப் பழமுமாக வாளியை நிரப்பினார், விரலையும் வெட்டிக்கொண்டார். ஆனாலும் கீழ்ச் சரிவு முடிந்தது. அவர் மனைவி, "உங்க வீட்டுக்காரர் வரலையாம்மா?" என்று கேட்டார். எஞ்சின் பார்க்கணும் என்று சொன்னீர்களாமே. முப்பத்தொரு பேர் நடந்து வந்த தூரம் உங்களுக்கு மட்டும் நீண்டுவிட்டதா? "சனிக்கிழமை வந்துடுவார்" என்று பொய் சொன்னேன்.

மேல் சரிவு அப்படியே நிற்கிறது. திங்கட்கிழமை மழை என்கிறார்கள். நனைந்தால் பழம் அழுகும், ஒரு வருட உழைப்பு போச்சு. அறுக்க வந்த பெண்களில் யாத்விகா மட்டும்தான் மிச்சம். என் முழங்கால் மேல் சரிவின் செங்குத்துப் படிகளில் ஏற மறுக்கிறது. இதுவரை உங்களிடம் சொல்லவில்லை. ஊதிவிட்டுப் போகிறவரிடம் எப்படிச் சொல்வது?

ஒவ்வொரு வருடமும் அறுப்புக்கு எடுக்க வேண்டிய விடுப்பை யாருக்காவது விட்டுக்கொடுக்கிறீர்கள். இந்த முறை யாராவது உங்களுக்கு விட்டுக்கொடுக்கட்டும். உதவி கேப்டன் கையில் சுக்கான் இருந்தால் கப்பல் முழுகிவிடாது.

இந்தக் கடிதத்தை, கப்பல்களைத் தண்ணீரோடு ஏற்றி இறக்கிவிடும் மதகுக்கார ஹார்ட்முட்டிடம் கொடுத்திருக்கிறேன், நாளையே உங்கள் கப்பலுக்குச் சேர்ப்பித்துவிடுவார். சனிக்கிழமை திரும்பும்போது நம் வீட்டைத் தாண்டியதும் மதகில் நிற்பீர்கள். தண்ணீர் இறங்கும் முன் கப்பல் கரை மட்டத்தில்தான் இருக்கும். ஓர் எட்டு வைத்தால் தரை.

வாசலில் விளக்குமாறு இருக்காது. ஊருக்குக் கடை மூடியாயிற்று. கதவை மட்டும் தாழ் போடவில்லை.

ஊத வேண்டாம். இறங்கி வாருங்கள்.

உங்கள்,
கெர்லிண்டே