முதலாளி அங்கியில் மஞ்சள் கறை

சார்ஜா, 14.11.1993

அன்புள்ள சௌடம்மாளுக்கு, உன் திட்டு விழாமல் காது காய்ந்து கிடக்கும் சென்னய்யா எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மகள் முத்துலட்சுமிக்குக் கல்யாணப் புடவை எடுத்தாயிற்றா?

லாண்டரியில் ஒரு சின்ன விசயம், பயப்படாதே. இன்று சாயங்காலம் தன் தம்பி கல்யாணத்துக்கு முதலாளி போட வேண்டிய வெள்ளை அங்கி காலையில் என் கைக்கு வந்தது. கக்கத்தில் தேய்க்கிற சென்ட் கட்டி அப்பி மஞ்சள் பூத்திருந்தது. கூட வேலை பார்க்கும் பந்தல்குடி அசோக், "அண்ணே, பிளீச்சிங்க ஊத்துங்க, பறந்துரும்" என்றான். ஊற்றினேன். பறக்கவில்லை, இன்னும் பழுத்துவிட்டது. மேனேஜர் பார்த்துவிட்டு, "மூணு மணிக்குள்ள கறை போகலைன்னா மக கல்யாண லீவ மறந்துரு" என்றார்.

அப்போதுதான், தறியில் பாவுக் கஞ்சி கட்டிய துணியை நீ பழைய சோற்றின் புளித்த நீச்சத்தண்ணியில் ஊறப்போடுவது ஞாபகம் வந்தது. அதற்கு இங்கே எங்கே போக? அங்கியை நாலு தண்ணீர் அலசிவிட்டு, ஊறுகாய்க்கு ஊற்றும் வினிகரில் போட்டிருக்கிறேன். மணி இரண்டேகால். ஒரு கண் அங்கி மேலேயே இருப்பதால் எழுத்து கோணும், சிரிக்காதே.

இரு, பார்த்துவிட்டு வாரேன்.

கறை போய்விட்டது தாயே! மேனேஜர் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டார். தையில் வாரேன். பையன் பிரவின்குமார் கேட்ட சென்ட் கட்டியும் வரும், ஆனால் அவன் சட்டையை அவனே துவைக்க வேண்டும். நான் விட்டுவந்த நீலச் சட்டையை மட்டும் துவைக்காமல் வை. கக்கத்துக் கறையைக் காட்டித் திட்ட உனக்கு ஏதாவது வேண்டுமே.

அங்கி காய்ந்துவிட்டது, கூப்பிடுகிறார்கள்.

சென்னய்யா