நாலாவது ஷாக் அப்சார்பர்

சிங்காநல்லூர்
18-8-1996

என் பிரியமுள்ள மகன் ஆசிப்புக்கு, அம்மா ரம்ஜான் பீவி சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நீ சார்ஜாவில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், அந்த வெயிலில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா இல்லையா என்பதுதான் எனக்குத் தெரியவேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதிப் பழகிய கை, இந்தத் தடவை எழுத வர மாட்டேன் என்கிறது. பதறாதே கண்ணு, உயிருக்கு ஒன்றும் இல்லை. உன் அத்தாவுக்கு வலது கண்ணில் அடிபட்டுவிட்டது. உனக்குத் தெரிவிக்கக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொன்னார், அவன் அனுப்புன சாமானத்தாலதான் ஆச்சுன்னு நெனச்சுக்குவான், பொருளு மேல என்ன தப்புங்கறேன் என்றார். அவர் பேச்சை மீறித்தான் எழுதுகிறேன், எழுதாமல் இருந்தால் இன்னொன்று கெட்டுப்போகும் போல இருக்கிறது.

பீளமேட்டு வெங்கடபதி லீவில் வந்தபோது அவனிடம் நம் ஜீப்புக்கு நாலு ஷாக் அப்சார்பர் கொடுத்தனுப்பினாய் அல்லவா, பெட்டியைப் பிரித்த அன்று அத்தாவைப் பார்த்திருக்க வேண்டும், ஒவ்வொன்றையும் துணியால் துடைத்துத் துடைத்து பக்கத்துப் பட்டறைக்காரர்களுக்கெல்லாம் காட்டிவிட்டுத்தான் சாப்பிட வந்தார். உன் தம்பி சிக்கந்தருக்கும் சந்தோஷம்தான், ஆனைகட்டி மலைத் தோட்டங்களுக்கு எரு ஏற்றிப்போகிற அந்தக் கல்லுப் பாதையில் வண்டி தூக்கிப்போடுகிற போடில் குடல் வாய்க்கு வந்துவிடுகிறது என்று அவன் புலம்பாத நாள் இல்லை. மூன்றை மாட்டிவிட்டார்கள். நாலாவது, பின்னால் வலது பக்கத்தது, அதன் கீழ் போல்ட்தான் எமனாக வந்து வாய்த்தது. நாம் ஏற்றுவது கோழி எரு, வண்டி வலது பக்கம் சாய்ந்து நிற்பதால் மழையில் அதன் சாறெல்லாம் வழிந்து இறங்குவது அந்த மூலையில்தான். நட்டும் போல்ட்டும் துருவேறி ஒரே கட்டியாகப் பிடித்துக்கொண்டது. அத்தா அதற்கு டீசல் விட்டு, லேசாகத் தட்டிவிட்டு, மறுநாள் மறுபடி டீசல் விட்டு என்று பிள்ளைக்கு மருந்து கொடுப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். டேங்க் கிட்டத்தில் இருப்பதால் கேஸ் வைத்துச் சூடுகாட்ட அவர் ஒப்பவில்லை.

பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் சென்னகேசவனோ தினமும் ஆள் அனுப்பினார், மழை பிடிக்கும் முன்னால் எருவை எடுக்காவிட்டால் வேறு வண்டி பார்த்துக்கொள்கிறேன் என்று. சிக்கந்தருக்குப் பொறுமை போய்விட்டது. லோடு நிக்குதுங்கத்தா, உளிய வெச்சு நட்ட ரெண்டாப் பொளந்துபோடலாமுங்க என்றான். அத்தாவும் சரி என்று உளியைப் பிடித்தார், இவன் சம்மட்டி எடுத்தான். நம் பட்டறையின் முறை உனக்குத் தெரியும், பிடிக்கிறவர் ம் என்ற பிறகுதான் அடிக்கிறவன் அடிக்க வேண்டும். சில அடி அப்படித்தான் போயிற்று. நட் அசையவில்லை. மெதுவாடா கண்ணு, துருவோட மல்லுக்கு நிக்கக்கூடாது என்று அத்தா சொல்லி, உளியை மாற்றி வைப்பதற்காகக் குனிந்திருக்கிறார். இந்தப் பாவி அவர் ம் சொல்வதற்குள் ஓங்கி அடித்துவிட்டான். ஒரு சில்லு தெறித்துவிட்டது.

அத்தாவைப் பற்றித்தான் தெரியுமே, தூசிதான் என்று ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு அன்று முழுக்க ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று பிடிவாதம். மறுநாள் காலையில் கண் வீங்கிப்போன பிறகுதான் இழுத்துக்கொண்டு போனேன். சில்லை எடுத்துவிட்டார்கள், ஆனால் அந்தக் கண்ணில் இனி வெளிச்சம் மட்டும்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் அழுதேன், அத்தா அழவில்லை. இன்னொன்னு இருக்குதுல்ல, ஒரு கண்ணுல பாத்தாலும் நீ கறுப்பாத்தான் தெரியறே என்று என்னையே கேலி செய்கிறார்.

அவருக்கு வந்தது ஒரு மாதிரி என்றால் சிக்கந்தருக்கு வந்திருப்பது வேறு மாதிரி. அவர் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவன் அவர் எதிரில் நிற்பதில்லை. அவர் கூடத்துக்கு வந்தால் இவன் சமையலறைக்கு வருகிறான், அவர் சாப்பிட்டு எழுந்தாரா என்று என்னிடம் ஜாடையில் கேட்டுவிட்டுத்தான் தட்டின் முன் உட்காருகிறான். ஜீப் ஒரு சக்கரம் இல்லாமல் மரக்கட்டை மேல் நிற்கிறது, சென்னகேசவன் வேறு வண்டி பிடித்துவிட்டார். பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறான். கேட்டதற்கு, அண்ணனுக்கு எழுதிட்டனுங்மா, விசா வந்ததும் போயிருவேன், எனக்கு இங்க மூச்சு முட்டுது என்றான். அத்தாவிடம் இதை நான் சொல்லவில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு ஒரு கண்ணு போச்சு, இவன் ரெண்டையும் மூடிட்டுத் திரியறானே என்றார்.

நேற்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு என்னைக் கைபிடித்துக் கூட்டிப்போகச் சொல்லி ஜீப்புக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்தார். உளியை எடுத்துத் தடவிப் பார்த்து நட்டின் மேல் வைத்துக்கொண்டு, வாடா சிக்கந்தரு, வந்து அடி என்று கூப்பிட்டார். அவன் வந்தான், சம்மட்டியை எடுக்கவும் எடுத்தான். அத்தா ம் என்றார். அடி விழவில்லை. இன்னொரு முறை ம் என்றார். அவன் சம்மட்டியை மண்ணில் வைத்துவிட்டுக் குளத்துப் பக்கம் போய்விட்டான். அத்தா உளியை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் அழுததை நான் நேற்றுத்தான் பார்த்தேன்.

ஆகவே கண்ணு, உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். அவன் கேட்டாலும் இப்போது விசா அனுப்பாதே. அண்ணன் சொன்னால் கேட்பான், நீயே அவனுக்கு எழுது, அந்த நாலாவதை நீ மாட்டிவிட்டாய் என்று அத்தா கையால் எனக்குக் கடிதம் வந்தால்தான் விசா என்று எழுது. திட்டி எழுதாதே, பிள்ளை ஏற்கெனவே பாதியாகிவிட்டான். நீயும் அத்தாவைப் பார்க்க வேலையை விட்டுவிட்டு ஓடிவர வேண்டாம், லீவு வரும்போது வா. அங்கே பட்டறையில் சுத்தியல் எடுக்கும்போது கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள், வேர்க்கிறது என்று கழற்றி வைக்காதே, இது அம்மாவின் ஆணை. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல சுகமும் தருவானாக, ஐந்து வேளையும் உனக்காகக் கை ஏந்துகிறேன், இப்போது உன் தம்பிக்காகவும் நீ ஏந்து. அவன் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போகட்டும், நானே பெட்டி கட்டித் தருகிறேன். அத்தா முகத்தை நிமிர்ந்து பார்க்காமல் மட்டும் போகக் கூடாது.

உன் பதில் வரும் வரை தூக்கம் இல்லாத
அம்மா
ரம்ஜான் பீவி