ஆறு பெயர்கள், ஐந்து பெட்டிகள்

1. இதை எழுதுபவன் எட்வின் ஹோல்கேட், யார்க்‌ஷயரில் உள்ள ஸ்கார்பி கிராமத்தவன், ஓய்வுபெற்ற வழக்கறிஞன், உன் தந்தை.

2. இதைப் பெறுபவள் ரோவெனா, நியூசிலாந்தின் நெல்சன் நகரில் வசிப்பவள், எங்கள் ஒரே மகள்.

3. நானும் உன் அம்மா ஹெஸ்டரும், அவளுடைய இடது முழங்காலைத் தவிர, நலம். நீயும் எங்கள் பேரன் டோபியும் அவ்வாறே இருப்பதாகக் கொண்டு மேலே எழுதுகிறேன்.

அன்புள்ள ரோவெனா,

டோபிக்கு முன்பல் ஆடுகிறது என்று நீ தொலைபேசியில் சொன்னதை அம்மா தபால்காரரிடம்கூடச் சொல்லிவிட்டாள். விழுந்ததும் அந்தப் பல்லைப் பத்திரமாக எடுத்துவை என்கிறாள், காரணம் கேட்டேன், சொல்லவில்லை. இங்கே மழை விட்டபாடில்லை, சமையலறைக் கூரை ஒழுகிச் சரிசெய்தாயிற்று. இனி நான் குழம்பிக்கிடக்கும் விஷயத்துக்கு வருகிறேன். நான் வரைந்துவரும் நம் குடும்பக் கொடிவழியை நீ பார்த்திருக்கிறாய். நம் முன்னோர் ஏபெல் ஹோல்கேட்டுக்கும் அவர் மனைவிக்கும் நான்கு பிள்ளைகள். மூத்தவர் ஜோசையா 1852-இல் டாஸ்மேனியாவுக்குக் கப்பலேறினார். இரண்டாமவர் மத்தேயு இங்கேயே இருந்தார், அவர் வழியில் வந்தவர்கள் நாம். ஜோசையாவின் வம்சத்தை நான் தாளின் ஓரத்தில் சிறிய எழுத்தில் ஒதுக்கியிருந்தேன். வெளியேறிய கிளை என்பது என் கருத்து. அந்தக் கிளையிலிருந்து டெல்மா என்ற பெண்மணி, அறுபது வயதிருக்கும், ஆப்பிள் தோட்டக்காரி, சென்ற மாதம் நம் வீட்டுக்கு வந்து இறங்கினாள். கையில் ஒரு பிஸ்கட் டப்பா. உன் அம்மா தேநீருக்குத் தட்டு எடுத்துவைத்து டப்பாவைத் திறக்கப் போனாள். "ஐயோ அண்ணி, அது எங்கப்பா" என்றாள் டெல்மா. "விமான நிலையத்துலயும் இதே கூத்துதான், உள்ள என்னன்னு கேட்டாங்க, க்ளாரின்னு சொன்னேன், அவருக்குப் பாஸ்போர்ட் இருக்கான்னு கேட்டான் ஒரு பையன்." அவளுடைய தந்தை க்ளாரி சாவதற்கு முன் தம் சாம்பலை ஸ்கார்பியில், நம் குடும்பக் கல்லறையில் வைக்கும்படி கேட்டிருக்கிறார், பிறந்ததிலிருந்து ஒரு முறைகூடப் பார்த்திராத ஊரில்.

அந்தக் கல்லறை நிரம்பிவிட்டது என்று நான் அவளிடம் வருத்தத்துடன் தெரிவித்தேன். உனக்கும் தெரியும், அது செங்கல்லால் கட்டிய கல்லறை, ஆறு பெட்டிகளுக்கு இடம், கல்லில் ஆறு பெயர்கள். ஆகவேதான் எனக்கும் அம்மாவுக்கும் நெடுஞ்சாலை ஓரத்துப் புதிய மயானத்தில் இடம் வாங்கியிருந்தேன், அதற்காக அவள் இன்றுவரை என்னை மன்னிக்கவில்லை. "லாரிச் சத்தத்துல மனுசி எப்படிங்க தூங்குறது?" என்பாள். மறுநாள் டெல்மா அந்தக் கல்லின் முன் நின்று பெயர்களை வாய்விட்டுப் படித்தாள். ஜோசையா என்ற பெயர் வந்ததும் நிறுத்தினாள். "அண்ணா, இவர் இங்க இல்லையே. எங்க ஊர்லதானே படுத்திருக்கார். போன வருசம்கூட நான்தான் களை பறிச்சேன்." கடல் கடந்து இறந்தவரின் பெயரையும் வீட்டுக் கல்லில் வெட்டுவது நம் ஊர் வழக்கம். ஜோசையா டாஸ்மேனியாவில் இறந்தார் என்று என் கையாலேயே கொடிவழியில் எழுதியிருக்கிறேன். ஆனாலும் பெயர்களை எண்ணி அவற்றையே பெட்டிகளாகக் கொண்டேன். அம்மா என்னைப் பார்த்தாள். "வக்கீலாம் வக்கீல்" என்றாள்.

ஆக, ஓர் இடம் காலி. அது யாருடையது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. மூத்தவரின் இடம் என்றால் மூத்த வழிக்கு, அதாவது டெல்மாவின் தந்தைக்குச் சேரும், அப்படியானால் கிளை நாம்தான். இங்கேயே இருந்து புல் வெட்டிக் கல்லைக் கழுவியவர்களுக்கு என்றால் உன் அம்மாவுக்குச் சேரும். அவளுக்கு எரிவதில் விருப்பமில்லை. "வாழ்நாள் முழுக்க அடுப்புல வெந்தது போதும்" என்கிறாள். பாதிரியார் அம்மையாரைக் கேட்டோம். எத்தனை பேரின் சாம்பலையும் மேலே வைக்கலாம், ஆனால் பெட்டி முதலில் இறங்கியாக வேண்டும், வைத்த சாம்பலைக் கலைத்துப் பிறகு பெட்டி இறக்க முடியாது என்றார். எனவே க்ளாரி இப்போது போனால் அம்மாவுக்கு இடமில்லை. அம்மாவுக்கு இடம் வேண்டுமென்றால் க்ளாரி காத்திருக்க வேண்டும், எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்பதை மேசையில் யாரும் சொல்லவில்லை. டெல்மாதான் சிரித்தாள். "அப்பாவுக்கு என்ன அவசரம் அண்ணி, இத்தனை தலைமுறை காத்திருந்தோம்." அம்மா, "உங்கப்பாவுக்காக நான் சீக்கிரம் போறதா இல்ல, இப்பவே சொல்லிட்டேன்" என்றாள். அப்படியே முடிவாயிற்று. டெல்மா ஊர் திரும்பிவிட்டாள். க்ளாரி நம் சமையலறை அலமாரியில் மார்மலேட் பாட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறார். அம்மா காலையில் கெட்டிலை வைத்ததும், "என்ன க்ளாரி, இன்னும் கொஞ்சம் பொறுத்துக்க" என்று அவரிடம் சொல்கிறாள். நானும் எரிந்து மேலே வைக்கப்படுவதாகச் சம்மதித்துவிட்டேன், புதிய மயானத்து இடத்தைத் திருப்பிக்கொடுத்தாயிற்று. கவலைப்படாதே, இருவருக்கும் உடம்பில் புதிதாக ஒன்றுமில்லை.

இதுவரை எழுதியது எளிது. அந்தக் கல்லின் அடியில் கல்லறை கட்டிய ஆண்டு வெட்டியிருக்கிறது, பாசியைச் சுரண்டியபோது பார்த்தேன், 1854. அதாவது ஜோசையா கப்பலேறிப் போன பிறகுதான் ஏபெலும் அவர் மனைவியும் ஆறு பேருக்கு இடம் கட்டியிருக்கிறார்கள். போனவன் திரும்ப மாட்டான் என்று அவர்களுக்குத் தெரியாதா, தெரிந்தும் கட்டினார்களா, அவனைக் கேட்டார்களா? எதற்கும் ஆதாரமில்லை. பல இரவுகளாக இதையே யோசிக்கிறேன், எந்தப் பக்கம் வாதாடினாலும் தோற்கிறேன். கல்லில் அம்மாவுக்கும் க்ளாரிக்கும் எனக்கும் போக ஒரு வரிக்கு இடம் மிஞ்சும். அதைக் குறித்து உன்னிடம் கேட்கிறேன்: பெயர் மட்டுமா, நீயுமா, அல்லது இரண்டும் வேண்டாமா? எந்தப் பதிலும் எனக்குச் சம்மதம், பதிலே வராவிட்டாலும் அந்த வரி வெறுமையாக இருக்கும். ஏபெலும் அவர் மனைவியும் ஜோசையாவைக் கேட்காமலே எண்ணிக்கொண்டார்கள் போலும். ஒருவரின் சம்மதமின்றி அவர் சார்பில் முடிவு செய்ய எனக்குப் பழக்கமில்லை. இதற்கிடையில் கொடிவழியைப் புதிதாக வரைகிறேன். ஜோசையாவின் பிள்ளைகளும் நீயும் டோபியும் மற்றவர்களுக்குச் சமமான எழுத்தில் இருப்பீர்கள், ஓரத்தில் அல்ல.

குளிரில் ஈரத் தலையோடு வெளியே போகாதே. கார் பிரேக்கைச் சரிபார்த்துவிட்டாயா என்று எழுது. கர்த்தர் உன்னையும் பிள்ளையையும் அந்தக் கரையில் காக்கட்டும், இந்தக் கரையில் உங்களை நினைக்க நாங்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
உன் அப்பா,
எட்வின் ஹோல்கேட்

சாட்சிகள் (கையொப்பத்துக்கு மட்டும், உள்ளே எழுதியதைப் படிக்கவில்லை):
1. நார்மன் பிக்கரிங், பக்கத்து வீடு
2. ஐவி பிக்கரிங், மேற்படியாரின் மனைவி

ஹெஸ்டர் இதில் பயன்பெறுபவள் என்பதால் சாட்சியாகக் கையொப்பமிட இயலாது என்று தெரிவித்தேன். பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்:

சாட்சியா இல்ல, அம்மாவா எழுதுறேன். உங்கப்பா கேட்டுக்கிட்டே இருக்கட்டும். உன்னையும் டோபியையும் நான் எப்பவோ சேத்து எண்ணியாச்சு. வர்றதும் வராததும் உன் இஷ்டம். பல்லை மட்டும் அனுப்பு, நான் போறப்ப என்கூட இருக்கட்டும்.
ஹெஸ்டர்