உன் மகள் கொடுத்த அளவு ஜாக்கெட்

கிட்வாய் நகர் வீட்டு மாடிப்படியில் இறங்கும்போதே கீழ்வீட்டுக்குக் கேட்கும்படி சிரிக்கும் என் அக்காவுக்கு,

போன சனிக்கிழமை மதியம் உன் மகள் கரோல் பாகில் ஒரு துணிக்கடையின் ட்ரயல் ரூமுக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வெளியே வர மறுத்தாள். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? நான் எந்தச் சேதியைக் கொண்டுவந்தாலும், "ஏட்டி, மொதல்லருந்து சொல்லு" என்பாய். முதலிலிருந்தே சொல்கிறேன்.

ஷாலினிக்குக் கல்யாணம். புசா ரோடு பள்ளியில் நித்யாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், சாயங்காலமானால் உன் அடுப்பங்கரையில் தோசைக்குக் காத்து நின்றவள், அவளேதான். மாப்பிள்ளை பஞ்சாபி. அதனால் முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் சங்கீத் என்று ஆட்டமும் பாட்டும் உண்டு. தோழிகள் எல்லாரும் ஒரே மயில் பச்சையில் லெஹங்காவும் அதற்கேற்ற ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டு மணப்பெண்ணை மேடைக்கு அழைத்துவர வேண்டும். ஷாலினிக்கு வலப்பக்கம் நித்யா. அந்த இடத்தைக் கேட்டவர்கள் இருந்தார்கள். ஷாலினி கொடுக்கவில்லை.

அளவெடுத்த அன்று நான் அங்கே இல்லை. நித்யா பிறகு சொன்னதை வைத்து எழுதுகிறேன். கடைக்கார அம்மாள் நாடாவைப் பிடித்து எண்ணைச் சத்தமாகச் சொல்வாள். மேசைக்குப் பின்னால் ஒரு பெண் எழுதிக்கொள்வாள். மார்பு, இடுப்பு, கை என்று ஒவ்வொரு எண்ணும் அறை முழுக்கக் கேட்கும். கிருத்திகா என்ற தோழி ஒவ்வொருத்தி எண்ணுக்கும் ஒரு விமரிசனம் வைத்திருந்தாளாம். ஒருத்தியைத் துணி மாட்டுகிற ஹாங்கர் என்றாள். இன்னொருத்தியிடம், கல்யாணம் முடிகிற வரைக்கும் கோல்கப்பா தின்னாதே, அந்த வண்டி நிற்கிற தெருவிலேயே நடக்காதே என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நித்யாவும் சிரித்தாள். தன் முறை வந்ததும் பையிலிருந்து ஒரு பழைய ஜாக்கெட்டை எடுத்து, இதை வைத்துத் தைத்துவிடுங்கள் என்று கொடுத்துவிட்டாள்.

அந்த அம்மாள் ஜாக்கெட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து, இது உன்னுடையதுதானா என்று கேட்டாளாம். ஆமாம் என்றாள் நித்யா.

பொய்யில்லை, அது அவளுடையதுதான். சந்தன நிறம், கையில் மெல்லிய ஜரிகை. நீ ஆஸ்பத்திரியில் படுத்திருந்த மாதங்களில் தைத்தது. உனக்குத் தெரியாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அந்த மாதங்களில் உன் மகள் சரியாகச் சாப்பிடவில்லை. உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கேண்டீனில் சாப்பிட்டுவிட்டேன் என்பாள். நான் கொடுத்தனுப்பிய டப்பா அப்படியே திரும்பி வரும்.

உன் காரியத்துக்கு ஊரிலிருந்து வந்தவர்களில் ஒரு பெரியம்மா, உன் படத்துக்கு முன்னால் நின்றபடியே நித்யாவின் கன்னத்தைத் தடவினாள். "மெலிஞ்சதும் பிள்ள லெச்சணமா ஆயிட்டால்லா" என்றாள். பக்கத்தில் நின்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்குத் தெரிந்து, அந்தப் பெண் தன் உடம்பைப் பற்றிச் சொந்தக்காரர்கள் வாயால் கேட்ட முதல் பாராட்டு அது. அன்று அவள் போட்டிருந்தது அந்தச் சந்தன ஜாக்கெட்.

பிறகு அவள் மறுபடி சாப்பிட ஆரம்பித்தாள். வேலைக்குப் போனாள், சிரித்தாள், பழைய உடம்பு திரும்பி வந்தது. கிட்வாய் நகர் க்வார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அத்தானும் அவளும் மயூர் விஹாரில் எங்கள் வீட்டுக்கு எதிர்ப் பிளாட்டுக்கு வந்தபோது எத்தனையோ துணியைக் கழித்துப் போட்டார்கள். அந்த ஜாக்கெட் மட்டும் அலமாரியில் இருந்தது.

நீ எந்தத் தையல்காரரிடமும் அளவு ஜாக்கெட் கொடுத்ததில்லை. "இன்னைக்கு இருக்க ஒடம்புக்குல்லா தைக்கணும்" என்று கையைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பாய்.

சனிக்கிழமைக்கு வருகிறேன். மண்டி ஹவுஸ் பக்கம் பத்திரிகைக்காக ஒருவரைப் பேட்டி கண்டுவிட்டு வெளியே வந்தபோது நித்யாவிடமிருந்து ஃபோன். கிசுகிசுப்பாகப் பேசினாள். "சித்தி, ஜல்தி வா. மாட்டிக்கிட்டேன். யார்கிட்டயும் கேக்காதே, நேரா ட்ரயல் ரூமுக்கு வா." தைத்த உடைகளைப் போட்டுப் பார்க்கிற நாள் அது. தோழிகள் எல்லாரும் வந்திருந்தார்கள். எல்லாரும் போட்டுக்கொண்டதும் சேர்ந்து ஃபோட்டோ எடுப்பதாகத் திட்டம்.

மெட்ரோவில் கரோல் பாக் வந்து இறங்கி, கடையைக் கண்டுபிடித்து, குறுகிய படி ஏறிப் போனேன். மயில் பச்சையில் நான்கு பெண்கள் கண்ணாடி முன்னால் நின்றிருந்தார்கள். நித்யா ஆபீஸ் காலில் இருக்கிறாள் என்றார்கள். ட்ரயல் ரூம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தட்டினேன். நான்தான் என்றதும் கதவு ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் திறந்து மூடிக்கொண்டது.

ஜாக்கெட்டின் ஜிப் பக்கவாட்டில் இருந்தது. பாதி ஏறியபோது உள்துணி அதன் பல்லில் சிக்கியிருந்தது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கைத்துணி அக்குளில் இறுகியிருந்ததால் தலைக்கு மேல் கையைத் தூக்கிக் கழற்றவும் முடியவில்லை. முகம் வியர்த்திருந்தது. மூச்சைச் சின்னச் சின்னதாக நெஞ்சுக்கு மேலேயே விட்டு எடுத்தாள். நான் ஜிப்பில் கை வைத்ததும் வலியில் உதட்டைக் கடித்தாள்.

வெட்டிவிடலாமே என்றேன். கூடாது என்று தலையசைத்தாள். வெட்டினால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அவளிடம் வேறொரு திட்டம் இருந்தது. இதற்கு மேலேயே குர்தாவை எப்படியாவது மாட்டிக்கொள்வது. நித்யாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லி நான் அவளை அழைத்துக்கொண்டு இறங்குவது. பிறகு ஷாலினியிடம் ஆபீஸில் லீவ் கிடைக்கவில்லை, சங்கீத்துக்கும் கல்யாணத்துக்கும் வர முடியாது என்று சொல்லிவிடுவது.

"கல்யாணத்துக்கே போக மாட்டியா?" என்று கேட்டேன்.

"ஷாலுவுக்கு வலது பக்கம் கிருத்திகா நிப்பா. ஃபோட்டோ நல்லா வரும்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே தடுத்துவிட்டாள். "நீ பேசாத சித்தி. உனக்கு எந்தக் கடையிலயும் ஸைஸ் இல்லைன்னு சொன்னதே இல்ல. தும்ஹே நஹி பதா."

உண்மைதான் அக்கா, எனக்குத் தெரியாது. அந்தக் கண்ணாடியில் நாங்கள் இரண்டு பேரும் தெரிந்தோம். கடைக்குப் போனால் தொங்குகிற முதல் சட்டையே பொருந்திவிடுகிற நான், ஆறுதல் என்று எதைச் சொன்னாலும் அது வெளியிலிருந்து சொல்வதாகத்தான் இருக்கும். நீ சொன்னால் எடுபடும். நீ என்ன சொல்லியிருப்பாய்?

உன்னோடு இதே கரோல் பாகில் தீபாவளித் துணி எடுத்ததுதான் நினைவுக்கு வந்தது. கடைக்குள் கால் வைத்ததும், சேல்ஸ்மேன் உன் முகத்திலிருந்து கண்ணைக் கீழே இறக்குவதற்கு முன்னால், "பையா, சப்ஸே படா ஸைஸ் நிகாலோ" என்பாய். இருக்கிறதிலேயே பெரிய அளவை எடு என்பது தெருவுக்கே கேட்கும். இல்லை என்றால், உனக்குத்தான் வியாபாரம் போச்சு என்று சிரித்துவிட்டு அடுத்த கடைக்கு நடப்பாய். சின்னப் பெண்ணாக இருந்த நித்யா வாசலில் துணி மாட்டிய பொம்மைக்குப் பக்கத்தில், யாரோ மாதிரி நிற்பாள். நீ கவனிக்கவில்லை என்று நினைத்திருந்தேன். திரும்பி வரும்போது ஆட்டோவில் என் காதில் சொன்னாய்: "பாத்தேன்ட்டி. வெக்கப்படுதா. நான் கேக்காட்டா அவளுக்கு யாரு கேப்பா?"

கதவு தட்டப்பட்டது. எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஷாலினியின் அம்மா குரல். பின்னாலேயே கிருத்திகா, உள்ளே கதவையும் சேர்த்து ஜிப் போட்டுவிட்டாளா என்று ஹிந்தியில் கேட்டாள். இரண்டு பேர் சிரித்தார்கள். நித்யா என் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள். கை சில்லென்று இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து ஷாலினி மட்டும் வந்தாள். "நித்து, திற. நான்தான்."

"ஆபீஸ் கால் ஷாலு. தோ மினிட்."

"சித்தி செருப்பு வெளிய கிடக்கு. சித்திக்கும் ஆபீஸ் காலா?"

நித்யா சுவரோடு சாய்ந்துகொண்டாள். இழுத்த மூச்சு பாதியில் நின்றது, அடுத்ததும் அப்படியே. அவள் என்ன சொன்னாலும் சரி, துணியைக் கிழித்துவிடுவது என்று முடிவு செய்து குனிந்தேன். அப்போதுதான் வெளியிலிருந்து கடைக்கார அம்மாளின் குரல் வந்தது. பதற்றமான குரல்தான். "ஸோர் மத் லகானா பேட்டா, கப்டா ஃபட் ஜாயேகா." பலமாக இழுக்காதே, துணி கிழிந்துவிடும்.

நித்யா தலையை நிமிர்த்தினாள். "கப்டா" என்று தனக்குள் ஒரு தடவை சொன்னாள். துணி. ட்ரயல் ரூமுக்குள் மூச்சுத் திணறுகிறவள் ஒருத்தி இருக்க, வெளியே துணிக்காகக் கவலைப்படுகிறார்கள். என்னை நகரச் சொல்லிவிட்டுக் கதவைப் பார்த்துப் பேசினாள். கிசுகிசுப்பு இல்லை.

"மேடம், கேஞ்சி தீஜியே. காட்னா படேகா. நாப் மைனே கலத் தியா தா."

கத்தரிக்கோல் கொடுங்கள், வெட்டத்தான் வேண்டும், தப்பான அளவைக் கொடுத்தது நான்தான். தாழ்ப்பாளை அவளே விலக்கினாள். கத்தரிக்கோலோடு ஷாலினி உள்ளே வந்தாள். மூன்று பேர் நிற்க அங்கே இடம் கிடையாது. உடம்பில் படாமல் நான் துணியைத் தூக்கிப் பிடிக்க, ஷாலினி தையலோடு வெட்டிக்கொண்டே போனாள். அக்குளிலிருந்து இடுப்பு வரைக்கும் ஜிப்பின் பல் சிவப்பாகப் பதிந்திருந்தது. ஷாலினி அதைப் பார்த்தாள். "பாகல்" என்றாள். பைத்தியம் என்று அர்த்தம்.

நித்யா முகத்தைத் துடைத்து, குர்தாவைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். நேராக விளக்குக்குக் கீழே, அன்று எல்லாரும் அளவு கொடுத்த இடத்தில் போய் நின்று, இரண்டு கையையும் தூக்கினாள். கடைக்கார அம்மாள் நல்லவள்தான். நாடாவைச் சுற்றிவிட்டு, எண்ணை எழுதுகிற பெண்ணின் பக்கம் குனிந்து அவளுக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுத்தாள்.

"ஸோர் ஸே போலியே, மேடம். உஸே லிக்னா ஹை" என்றாள் உன் மகள். சத்தமாகச் சொல்லுங்கள், அவள் எழுத வேண்டுமே.

அந்த அம்மாள் சத்தமாகச் சொன்னாள். தூக்கிய கை கொஞ்சம் இறங்கி நாடா நகர்ந்துவிட்டதால் மறுபடியும் அளந்து, மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. கிருத்திகா வாயைத் திறந்தாள். என்ன சொல்ல வந்தாள் என்று எனக்குத் தெரியாது, சொல்லவில்லை. அந்த எண்ணை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவள் சத்தமாகச் சொல்லச் சொன்னது அந்த அறையில் மட்டும்தான்.

திரும்பி வரும்போது மெட்ரோவில் யமுனா பாங்க் ஸ்டேஷன் வரைக்கும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி அழுதுகொண்டு வந்தாள். பிறகு கேட்டாள்: "அம்மா கடையில எப்படி சித்தி அவ்ளோ சத்தமா கேப்பா? டர் நஹி லக்தா தா?"

உனக்குப் பயமாக இருந்ததா அக்கா? அவன் கண் கீழே இறங்குவதற்கு முன்னால் கேட்டுவிட வேண்டும் என்ற அந்த அவசரம், பயம்தானா? இத்தனை வருஷம் அதைத் தைரியம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சங்கீத் வருகிற வாரம். அதே துணி கடையில் தீர்ந்துவிட்டது. லெஹங்காவில் மிஞ்சிய துணியைப் பக்கத்தில் ஒட்டுக் கொடுத்துத் தைக்கிறார்கள். நிறம் கொஞ்சம் மாறித் தெரியலாம் என்று எச்சரித்திருக்கிறார்கள். நேற்றுக் காலையில், போகத்தான் வேண்டுமா என்று நித்யா என்னைக் கேட்டாள். சாயங்காலம் ஷாலினி வந்து, அவளை இழுத்துக்கொண்டு போய் மொட்டை மாடியில் ஆடிப் பழகினாள். இன்று என்ன சொல்வாள் என்று தெரியாது.

அவளுக்குத் தமிழ் படிக்கத் தடுமாறும் என்பதால் இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டித்தான் எங்கள் பத்திரிகையில் அச்சுக்குக் கொடுக்கிறேன். ஒரே ஒரு இடத்தில் நிறுத்தினாள். "அது என்ன சித்தி, பழைய உடம்பு? குண்டுன்னு எழுது. அம்மாவுக்குப் புரியட்டும்." எழுதிவிட்டேன். உன் மகள் குண்டு, அக்கா. உன்னைப் போல.

சந்தன ஜாக்கெட்டை என்னிடம் கொடுத்து, என் கண்ணில் படாத இடத்தில் வை என்றிருக்கிறாள். வைத்திருக்கிறேன். உனக்கு நான் கொடுக்கிற வாக்கு இதுதான்: இனி யாராவது அவள் கன்னத்தைத் தடவி, மெலிந்து அழகாகிவிட்டாள் என்று சொன்னால், அவர்கள் எவ்வளவு மூத்தவர்களாக இருந்தாலும், அவர்கள் முன்னாலேயே, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி அவளிடம் கேட்பேன்: "சாப்பிட்டியாட்டி?"

உனக்குப் பின்னால் பிறந்து, உன் மகளுக்குச் சித்தியான
உன் தங்கை