நீ கேட்ட தந்தி

அண்ணா,

பொங்கலுக்கு வெள்ளையடிக்க டிரங்குப் பெட்டியை நகர்த்தினேன். அடியில் என் பழைய காக்கிச் சட்டை. பையில் நான்காக மடித்த தந்திப் படிவம். உன் மகன் செல்வத்தின் நாக்பூர் முகவரி, கீழே "ஃபாதர் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி" என்று என் கோணல் கையெழுத்து. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தந்தியை நான் தயங்காமல்தான் கொடுத்தேன். நுரையீரல் புற்று முற்றிவிட்டது, வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்று சென்னையில் கைவிரித்துவிட்டார்கள். அண்ணி போன பிறகு வீட்டில் நாம் இருவர்தான். முகம் வீங்கி, படுக்க முடியாமல், சாய்ந்தபடியே மூச்சுக்குத் திண்டாடினாய். ஸ்ரீபெரும்புதூர் தந்தி ஆபீசுக்குச் சைக்கிளில் ஓடினேன்.

செல்வம் வந்து இறங்கிய காலையில் நீ சம்மணம் போட்டுக் கருவாட்டுக் குழம்பும் பழையதும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய்! முந்தின நாளே வீக்கம் வடிந்து, இருமலும் நின்றிருந்தது. "இன்னாடா, லீவா?" என்று அவனையே கேட்டாய். அவன் என்னைத் தனியே இழுத்துப் போனான்.

"வழியெல்லாம் அழுதுகினு வந்தேன் சித்தப்பா. இதுக்கா தந்தி குட்த்த?"

கூனிக் குறுகிப் போனேன். வாலாஜாபாத் டாக்டர் என்னிடம் மட்டும் சொன்னார். "எப்படிக் குறைஞ்சுதுன்னு எனக்கே புரியல. ஆனா நோய் போயிடல. பையனை இருக்கச் சொல்லு." நான் அவனிடம் சொல்லவில்லை. மறுபடியும் பேச்சு வாங்க ரோஷம் விடவில்லை. நான்காம் நாள் அவன் கிளம்பியபோது பென்னலூர் பஸ் நிறுத்தம் வரை நீயே நடந்து வந்து ஏற்றிவிட்டாய்.

இரண்டு வாரம் அப்படி இருந்தாய். பிறகு ஒரு காலையில் திரும்பவும் மூச்சு முட்டியது. "செல்வத்துக்குத் தந்தி குடுடா" என்றாய். படிவத்தை நிரப்பிப் பையில் வைத்துக்கொண்டு ஏரிக்கரை வரை போனேன். நாளைக்கே நீ எழுந்து உட்கார்ந்துவிட்டால் அவன் முகத்தில் எப்படி விழிப்பது? ஒருநாள் பார்க்கலாம் என்று திரும்பிவிட்டேன்.

"குட்த்தியா?"

"குட்த்துட்டேண்ணே. வந்துகினு இருப்பான்."

மறுநாளாவது போயிருக்கலாம். கொடுத்துவிட்டதாகச் சொன்ன வாயால் என்ன சொல்லிக் கிளம்புவது? கட்டிலை வாசல் பக்கம் திருப்பிப் போடச் சொன்னாய். பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் "போய்ப் பாரு" என்றாய். யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தே நானும் எழுந்து போய்ப் பார்த்தேன். மூன்றாம் நாள் மதியம் பஸ் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கினாய். அதோடு சரி.

திடீரென்று போய்விட்டாய் என்று செல்வத்திடம் சொன்னேன். அதையே அவன் ஆறுதலாகப் பிடித்துக்கொண்டான். "என்னத் தேடாமப் போய்ட்டாரே, அது போதும் சித்தப்பா" என்று போன பொங்கலுக்கும் சொன்னான். நான் பாவி, தலையை ஆட்டினேன்.

சட்டையைப் பழைய துணியோடு போட்டுவிட்டேன். படிவம் இப்போது உடுத்தியிருக்கும் சட்டையின் பையில் இருக்கிறது. நாளை செல்வம் வருகிறான். அவன் கையில் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் என்னை எனக்குத் தெரியும், அண்ணா. ஏரிக்கரை வரை போய்த் திரும்பியவன் நான்.