மூவிரல் கொற்றனை மடையில் இறங்க விடுமாறு விடுத்த ஓலை

நலம் நிறைக. மாவேள் அடியார்க்கு நல்லான் பெருங்கோ ஆளும் செங்குவளை நாட்டில், அவர் முடிசூடிய ஏழாம் ஆண்டு, புரட்டாசி பத்தாம் நாள், வானவாவிக் கரைப்பணி முழுவதையும் தம் தோளில் தாங்கி நிற்கும் பெருந்தலைவர் தென்னவதரையர் திருமுன், ஓலைச்சாலைக் காப்பாளன் அழிசி பணிந்து விடுத்த ஓலை. தங்கள் கரை உடையாதிருக்க. அக்கரையின் கீழ் உறங்கும் குடிகள் அச்சமின்றி உறங்குக.

செய்தியாவது: ஆடி வெள்ளத்துக்குப் பின், ஆளிடம் பாதியும் ஓலைச்சாலையில் பாதியுமாகப் பிளந்து வைக்கும் பணிமுறி ஓலைகளில் இறந்தோருடையவற்றைச் சேற்றில் பொறுக்கி எடுத்த அயலார் சிலர், அவற்றைக் காட்டிக் கரைப்பணியில் புகுந்து, வேலையறியாமல் கல்லைச் சரித்து இருவரைக் கொன்றது தாங்கள் அறிந்ததே. அதனால், முறியின் இரு பாதிகளும் பொருந்துவதோடு, அதில் எழுதிய அங்க அடையாளங்களும் ஆளோடு பொருந்தினால் மட்டுமே வாயிலுக்குள் விடுக என்று அரசாணை பிறந்தது. ஆணை நன்று. அதனைச் சொற்சொல்லாக எழுதியவனும் இந்த அழிசியே.

அவ்வாணையின்படி, நீருள் முழுகி மடைக்கல்லைத் திறக்கும் மடைமுழுகி கொற்றன் ஒன்பது முறை வாயிலில் நின்று, ஒன்பது முறையும் திருப்பி அனுப்பப்பட்டான். அவன் பாதியும் ஓலைச்சாலைப் பாதியும் ஒரு நார் பிசகாமல் பொருந்துகின்றன. வலப்புருவத்துத் தழும்பு இருக்கிறது. முதுகில் மச்சம் இருக்கிறது. ஆனால் முறியில் "கைவிரல் பத்தும் பழுதற்றவை" என்று எழுதியிருக்க, அவன் இடக்கையில் மூன்று விரல்களே உள்ளன.

வாயிற்காப்பான் தும்பன் கொடியவன் அல்லன், ஆணைக்கு அஞ்சியவன். முதல் நாள் கொற்றனை அண்ணே என்று அழைத்து இருக்கச் செய்தான். ஐந்தாம் நாள் கொற்றா என்றான். ஒன்பதாம் நாள், வரிசையில் நின்ற மண்சுமப்போர் சிரிக்கும்படி, "விரல் ரெண்டும் போன இடத்துலயே போய் வேலை கேளேன்" என்றான். அதற்குக் கொற்றன் குரலை உயர்த்தாமல், "மடைக்குள்ளதான் கிடக்குது. எறங்க விட்டா எடுத்துட்டு வந்து காட்டிடுவேன்" என்றானாம்.

முறியிலுள்ள அடையாளத்தை மாற்ற வேண்டுமாயின், மாற்றம் நேர்ந்ததைக் கண்ணால் கண்ட ஒருவன் சான்று கூறி, ஓலைக்காப்பாளன் முத்திரையிட வேண்டும். தும்பன் முறைப்படியே ஆள் அனுப்பி, கொற்றன் விரல் போனதைக் கண்டவர் உண்டா என்று ஓலைச்சாலையைக் கேட்டான். அழிசி, நினைவில் இல்லை என்று மறுமொழி எழுதினான்.

அது பொய். அன்று நடந்ததை இங்கே உள்ளபடி எழுதுகிறான்.

மடையைத் திறக்கும் ஆணை வாய்ச்சொல்லாகச் செல்லலாகாது என்பதும், ஓலைக்காப்பாளன் அதைக் கரைக்குக் கொண்டுபோய் முழுகுவோன் முன் உரக்கப் படிக்க வேண்டும் என்பதும் நம் நாட்டு வழக்கம். இறங்கும் முன் முழுகுவோன், நீர் போகும் வழியில் ஆள் உண்டா என்று இரண்டு முறை கேட்பான். படித்தவன் இரண்டு முறை விடை சொல்வான். ஆடி இருபத்தைந்தாம் நாள் பகலில், நீர் கரையின் தலையைத் தொட்டு நின்றபோது, தென்மடையைத் திறக்கும் ஆணையைப் படித்தவன் அழிசி. கேட்டவன் கொற்றன்.

தென்மடை நீர் பாயும் தெற்குத் தெருவில், குடிகள் வெளியேறுமாறு முரசு அறைந்து ஒரு நாழிகை ஆகியிருந்தது. அழிசி போய்ப் பார்க்கவில்லை. ஆள் இல்லை என்றான். கொற்றன் மீண்டும் கேட்டான். அழிசி மீண்டும் இல்லை என்றான்.

கொற்றன் இறங்கினான். மடைக்கல்லைப் பெயர்த்துக் கயிற்றில் கோத்தபோது கல் ஒருமுறை நழுவி அவன் கைமேல் அமர்ந்தது. மேலிருந்தோர்க்கு அது தெரியாது. நசுங்கிய கையோடு கயிற்றைக் கட்டி முடித்து, இழுங்கள் என்று மும்முறை அசைத்துவிட்டே மேலே வந்தான். அவனைக் கரையில் தூக்கிப் போட்டுத் தன் மேலாடையைக் கிழித்து, இரு விரல் அற்ற அந்தக் கையைக் கட்டியவனும் அழிசியே. வானவாவி உடையவில்லை. கீழ்த்திசை ஊர்கள் பதினான்கும் பிழைத்தன.

தெற்குத் தெருவில் ஒரு வீட்டில் ஆள் இருந்தது. அன்று காலை வீட்டை விட்டுப் புறப்படும்போது அழிசி தன் மனைவி வெண்ணியிடம், தான் வந்து அழைக்கும்வரை மகளோடு வீட்டிலேயே இருக்கும்படி சொல்லியிருந்தான். முரசு அறைந்தவர்கள் வெளியேற அழைத்தபோதும், அவர் வந்துவிடுவார் என்று அவள் சொன்னதாகப் பின்னர் அறிந்தான். மகள் பூதிக்கு வயது ஆறு.

தலைவரே, கொற்றன் இதை அறிவான். மறுநாள் நீர் வடிந்தபின், கட்டிய கையோடு அந்தத் தெருவில் சேற்றைத் தோண்டியவர்களில் அவனும் ஒருவன். தான் இரண்டு முறை கேட்டதையும் அழிசி இரண்டு முறை சொன்னதையும் அவன் இன்றுவரை எவரிடமும் சொல்லவில்லை. வாயிலில் ஒன்பது முறை நின்றபோது, ஓலைக்காப்பாளர்தாம் சாட்சி என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்திருக்கும். அதைச் சொன்னால் பிறவும் வெளிவரும் என்று விட்டுவிட்டான். நேற்று அவன் ஓலைச்சாலைக்கு வந்தான். சான்று கேட்கவில்லை. தென்மடைக்குள் மரங்கள் சிக்கியிருப்பதையும், வேறு முழுகுவோர் இருவர் இறங்கியும் எடுக்க முடியாமல், அவர்களில் ஒருவன் காதில் குருதி வழிய ஏறியதையும் சொல்லி, ஐப்பசி மழைக்கு முன் மரங்களை எடுக்காவிட்டால் கரை நில்லாது என்றும், உள்ளே கல் எப்படிக் கிடக்கிறதென்பது தன் கைக்கு மட்டுமே தெரியும் என்றும் சொன்னான். பிறகு அழிசியின் முகத்தைப் பாராமல், "எனக்காக வேணாம் ஐயா. இன்னொரு தடவ யாரும் அந்தக் கேள்விய உங்ககிட்ட கேக்கவேணாம்னுதான் சொல்றேன்" என்றான்.

ஆகையால், அழிசி கொற்றனுக்குப் புதிய முறி எழுதி இவ்வோலையோடு கட்டியுள்ளான். அடையாளம்: வலப்புருவத்தில் தழும்பு, முதுகில் மச்சம், இடக்கையில் விரல் மூன்று, மற்ற இரண்டும் வானவாவித் தென்மடையில் கொடுத்தவை. கண்டு சான்று கூறியவன் அழிசி.

இன்னும் ஒன்று. அழிசியின் சொந்தப் பணிமுறியும் இக்கட்டில் உள்ளது. அதில் "மனையாள் ஒருத்தி, மகள் ஒருத்தி உடையான்" என்று எழுதியிருக்கிறது. தான் எழுதிய ஆணையின்படி அவனும் தன் முறியோடு பொருந்தாதவன். நாற்பது நாளுக்கு மேலாக உரிமையின்றியே ஓலைச்சாலையில் அமர்ந்து வருகிறான். நூற்றுக்கணக்கான முறிகளைத் திருத்திய எழுத்தாணி அந்த ஒரு வரியின்மேல் ஓடவில்லை. அதைத் தங்கள் கையால் திருத்துக, அல்லது வேறொருவனை இவ்விடத்தில் அமர்த்துக. எதுவாயினும் தங்கள் சொல் ஏற்கப்படும்.

ஆனால் இன்று மாலைவரை முத்திரை அழிசியிடம் உள்ளது. அம்முத்திரையின் பேரால்: இவ்வோலை கண்ட நாளே கொற்றனை வாயிலில் நிறுத்தாமல் தென்மடையில் இறங்க விடுக. அவன் இறங்கும் முன் இரண்டு முறை கேட்பான். விடை சொல்பவன் தெருவுக்குப் போய், ஒவ்வொரு கதவையும் திறந்து பார்த்துவிட்டு வந்து சொல்லுக.

இது செங்குவளை நாட்டு ஓலைச்சாலை முத்திரை. இதன் கீழ்க் கொற்றனின் மூவிரல் மைப்பதிவு.